ஓனர்கள் எல்லாரும் விற்றுவிட்டுப் போகிறார்களா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு படுக்கையறை வீட்டில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசா. பிள்ளைகள் இருவரும் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டுக்காரர் இலங்கைத் தமிழர், கோயிலில் பழக்கமானவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். முதல் வருட ஒப்பந்தம் முடிந்தபின் புதிதாக எதுவும் எழுதவில்லை. டெபாசிட் 1,900 பவுண்ட் ரொக்கமாகக் கொடுத்தோம், ரசீது இல்லை. போன வாரம் வந்து, "மே மாசம் புதுச் சட்டம் வருது. லேண்ட்லார்ட் ஆக்கள் எல்லாரும் வீட்டை வித்துப்போட்டு ஓடுறாங்கள். நானும் விக்கத்தான் யோசிக்கிறன். இருக்கோணும் எண்டால் 1,650-ஐ 2,050 ஆக்குங்கோ. இல்லையெண்டால் ஏப்ரலுக்குள்ள நோட்டீஸ் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையிலேயே எல்லாரும் விற்றுவிட்டுப் போகிறார்களா? இதை விட்டால் வேறு வீடு கிடைக்காதா? கேட்ட வாடகைக்குச் சம்மதித்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதற்கும் சம்மதிக்காதீர்கள். முக்கியமாக, அடுத்த மாதம் 2,050 பவுண்டை வங்கியில் போட்டுவிடாதீர்கள். ஒரு முறை கட்டினாலே நீங்கள் அந்த வாடகைக்கு ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். பழைய வாடகையைத் தேதி தவறாமல் கட்டிக்கொண்டே இருங்கள். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

"எல்லாரும் ஓடுகிறார்கள்" என்ற பேச்சை வாடகை ஆலோசனைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். பெரும்பாலும் வாடகையை ஏற்றும் கடிதத்தோடு சேர்ந்துதான் அது வருகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது ஒரு வகை ஓனருக்குப் பொருந்துகிற உண்மை, எல்லா ஓனருக்கும் இல்லை. உங்கள் அண்ணா எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் மொத்தக் கணக்கு. இங்கிலாந்தில் 2016-17-ல் தனியார் வாடகை வீட்டில் இருந்த குடும்பங்கள் சுமார் 47 லட்சம். அரசின் வீட்டு வசதிக் கணக்கெடுப்பின்படி 2023-24-லும் ஏறக்குறைய அதே 47 லட்சம்தான், மொத்தக் குடும்பங்களில் 19 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் வரி கூடியது, வட்டி கூடியது, கொரோனா வந்து போனது. ஓனர்கள் கூட்டமாக வெளியேறியிருந்தால் இந்த எண் சரிந்திருக்க வேண்டும், சரியவில்லை. அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். மக்கள் தொகை கூடிக்கொண்டிருக்கும்போது வாடகை வீடுகள் கூடாமல் நின்றுவிட்டாலே வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது நெருக்கடிதான். நீங்கள் வீடு பார்க்கப் போனால் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

உண்மையான வெளியேற்றம் எப்படி இருக்கும் என்பதை இந்த நாடு ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1918-ல் இங்கிலாந்து, வேல்ஸில் நான்கில் மூன்று குடும்பங்கள் தனியார் வாடகை வீட்டில் இருந்தன. 1980-களின் கடைசியில் அது பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 1915-ல் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, குடிசை வீடுகளை இடித்தது, உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்ட கவுன்சில் வீடுகள், சொந்தமாக வீடு வாங்கக் கடன் கிடைத்தது எல்லாம் சேர்ந்து எழுபது வருடத்தில் நடந்த மாற்றம் அது. அப்புறம் 1988-ம் வருட வீட்டு வசதிச் சட்டம் ஓனர்களுக்கு வீட்டைத் திரும்ப எடுக்கச் சுலபமான வழி கொடுத்தது. 1996-ல் வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்கத் தரும் பை-டு-லெட் கடன்கள் வந்தன. இரண்டும் சேர்ந்துதான் உங்கள் அண்ணாவைப் போன்றவர்களை இந்தத் தொழிலுக்குள் இழுத்து வந்தன.

இனி பத்திரிகைகளில் வரும் தலைப்புகளைப் பார்ப்போம். விற்பனைக்கு வரும் வீடுகளில் 18 சதவீதம் முன்பு வாடகைக்கு இருந்தவை, 2010-ல் இது 8 சதவீதம்தான் என்று வீட்டு விளம்பர இணையதளமான ரைட்மூவ் 2024-ல் சொன்னது. ஓனர்களிடம் அரசு நடத்திய 2024 கருத்துக்கணிப்பில், வைத்திருக்கும் வீடுகளைக் குறைக்கப்போகிறோம் அல்லது எல்லாவற்றையும் விற்கப்போகிறோம் என்று சொன்னவர்கள் பத்தில் மூன்று பேர். இரண்டுமே கவனிக்க வேண்டிய எண்கள். ஆனால் முதல் எண் வெளியே போகும் வீட்டை எண்ணுகிறது, அதே வீட்டை இன்னொரு ஓனர் வாங்கித் திரும்ப வாடகைக்கு விடுவதை எண்ணுவதில்லை. இரண்டாவது, விற்கப்போவதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை. விற்றவர்களின் எண்ணிக்கை வேறு. விற்கப்போகிறேன் என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டு இன்னும் வாடகை வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம், ஒரு வீட்டை வைத்திருப்பவரும் இருபது வைத்திருப்பவரும் கருத்துக்கணிப்பில் ஆளுக்கு ஒரு குரல்தான். 2021 கணக்கில், ஓனர்களில் 43 சதவீதம் பேர் ஒரே ஒரு வீடு வைத்திருந்தார்கள். ஐந்தும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்கள் 18 சதவீதம்தான், ஆனால் வாடகைக் குடித்தனங்களில் பாதிக்குக் கிட்ட அவர்கள் கையில் இருந்தன. போகிறவர்களில் சின்ன ஓனர்கள் அதிகம். வருகிறவர்களில் பலர் கம்பெனி பெயரில் வாங்குகிறார்கள். கை மாறுகிறது என்று சொல்வதுதான் பொருத்தம்.

சின்ன ஓனர் ஏன் போகிறார்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அண்ணாவின் கஷ்டம் உண்மையானதாகவும் இருக்கலாம். உங்கள் வாடகையையே வைத்துக் கணக்குப் போடுவோம். மாதம் 1,650 என்றால் வருடத்துக்கு 19,800. பழுதுபார்ப்பு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் என்று 2,800 கழித்தால் 17,000. அவருக்கு இரண்டரை லட்சம் பவுண்ட் கடன் இருக்கிறது, வட்டி மட்டும் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1.8 சதவீதமாக இருந்தபோது வருடத்துக்கு 4,500 கட்டியிருப்பார். ஐந்து சதவீதத்துக்குப் புதுப்பித்தால் 12,500. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் வரை 0.1 சதவீதம், 2023 ஆகஸ்டில் 5.25. அவ்வளவு வேகமாக ஏறியது. பிறகு இறங்கியிருக்கிறது, பழைய இடத்துக்கு வரவில்லை.

இதன் மேல் வரி. முன்பு வட்டி முழுவதையும் செலவாகக் கழித்துவிட்டு மிச்ச லாபத்துக்குத்தான் வரி. 2017-லிருந்து 2020-க்குள் அதைப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். இப்போது 17,000 முழுவதற்கும் வரி போட்டு, வட்டியில் 20 சதவீதத்தை மட்டும் தள்ளுபடி தருகிறார்கள். 40 சதவீத வரி கட்டுகிற ஓனருக்கு வரி 6,800, தள்ளுபடி 2,500, கட்ட வேண்டியது 4,300. வட்டியும் வரியும் போக வருடம் முழுவதற்கும் அவர் கையில் நிற்பது 200 பவுண்ட். குறைந்த வட்டிக் காலத்தில் இதே வரி முறையில் அவருக்கு 6,600 நின்றிருக்கும். பாய்லர் ஒரு தடவை பழுதானால் அந்த 200-ம் போச்சு. 2027 ஏப்ரலிலிருந்து வாடகை வருமானத்துக்கான வரி விகிதம் இன்னும் 2 புள்ளி கூடப்போகிறது. இந்த நிலையில் இருப்பவர் விற்கிறேன் என்றால் நான் நம்புவேன்.

கடனே இல்லாத ஓனரின் கணக்கு வேறு. அதே வாடகையில், அதே 40 சதவீத வரியில் அவருக்கு வருடத்துக்கு 10,200 நிற்கிறது. 2021 கணக்கெடுப்பில் பத்தில் நான்கு ஓனர்களுக்கு வாடகை வீட்டின் பேரில் கடனே இல்லை. அப்படிப்பட்டவர் வீட்டை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு வாங்கி நாலு லட்சத்து இருபதாயிரத்துக்கு விற்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் லாபம். வரியில்லாமல் விடும் தொகை முன்பு 12,300 பவுண்ட், 2024 ஏப்ரலிலிருந்து 3,000 மட்டும். மிச்சத்துக்கு 24 சதவீதம் என்றால் 57,000 பவுண்டுக்குக் கிட்ட மூலதன ஆதாய வரி, அதுவும் விற்ற 60 நாளுக்குள். இந்தத் தொகையைக் கேட்டதும் பலர் விற்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். நம் சமூகத்தில் இரண்டாவது வீடுதான் பலருக்குப் பென்ஷன். பிள்ளைக்கு என்று வைத்திருப்பவர்களும் உண்டு.

உங்கள் அண்ணா எந்தப் பக்கம் என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். அரசின் நிலப் பதிவேட்டுத் தளத்தில் 7 பவுண்ட் கட்டினால் உங்கள் வீட்டின் பதிவு நகல் கிடைக்கும். யார் பெயரில் இருக்கிறது, எந்த வங்கிக்காவது அடமானம் இருக்கிறதா என்பது அதில் இருக்கும். 2000-க்குப் பிறகு வாங்கியிருந்தால் என்ன விலைக்கு வாங்கினார் என்பதும் பொதுவாக இருக்கும். கடன் பாக்கி எவ்வளவு என்று வராது. ஆனாலும் 2004-ல் வாங்கி அடமானமே இல்லாத வீடா, 2019-ல் வங்கிக் கடனில் வாங்கிய வீடா என்று தெரிந்தாலே பேச்சின் எடை தெரிந்துவிடும். தளத்தின் முகவரி அரசுத் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே நகலுக்கு 20, 30 பவுண்ட் வாங்கும் இடைத்தரகுத் தளங்கள் நிறைய இருக்கின்றன.

இனி அந்தப் "புதுச் சட்டம்". 2025 அக்டோபர் 27-ல் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் அமலுக்கு வருகின்றன. காரணம் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லும் செக்ஷன் 21 அன்றோடு முடிகிறது. உங்கள் அண்ணா "ஏப்ரலுக்குள்ள" என்று சொன்னதன் ரகசியம் இதுதான்: ஏப்ரல் 30-தான் அவருக்குக் கடைசி நாள். அப்படிக் கொடுத்த நோட்டீஸை வைத்து வழக்குப் போட ஜூலை 31 வரைதான் அவகாசம்.

மே மாதத்துக்குப் பிறகு அவர் விற்கவே முடியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். விற்கலாம். விற்பதற்காக வீட்டைக் காலி செய்யக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கும். குடியேறிய முதல் வருடத்தில்தான் அதைப் பயன்படுத்த முடியாது. நீங்கள் மூன்று வருடம் இருந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. ஆனால் நான்கு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நீங்கள் போகாவிட்டால் கோர்ட்டில் விற்கும் எண்ணத்தைக் காட்ட வேண்டும், அதன் பிறகு 12 மாதத்துக்கு அந்த வீட்டைத் திரும்ப வாடகைக்கு விடக்கூடாது. நிஜமாக விற்கப்போகிறவருக்கு இது பெரிய தடையில்லை. விற்கிறேன் என்று பயமுறுத்தி வேறு ஆளை அதிக வாடகைக்கு வைக்க நினைப்பவருக்குத்தான் தடை. அதனால்தான் மே மாதத்துக்கு முன்னால் இவ்வளவு அவசரம் என்பது என் கருத்து.

வாடகை உயர்வுக்கும் ஒழுங்கு உண்டு. வீட்டுக்கு வந்து வாயால் சொல்லிவிட்டுப் போவது சட்டப்படி உயர்வே இல்லை. மாதாமாதம் ஓடும் உங்கள் குடித்தனத்தில், நீங்களாக ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதற்கென்று இருக்கும் படிவத்தில் எழுதி, வருடத்துக்கு ஒரு முறைதான் கேட்க முடியும். இப்போது ஒரு மாத அவகாசம், மே முதல் இரண்டு மாதம். அதிகம் என்று தோன்றினால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இப்போதைய முறையில் தீர்ப்பாயம் ஓனர் கேட்டதைவிடக் கூடுதலாகவும் நிர்ணயிக்கலாம், அந்தப் பயத்தில் பலர் போவதில்லை. மே மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் உயர்வில் அந்தப் பயம் இல்லை, அவர் கேட்டதற்கு மேல் போகாது.

400 பவுண்ட் என்பது 24 சதவீத உயர்வு. தேசிய புள்ளிவிவர அலுவலகக் கணக்கில் வாடகை உயர்வு உச்சத்தில் இருந்த 2024 மார்ச்சில்கூட வருடத்துக்குச் சுமார் 9 சதவீதம்தான். 2025 கடைசியில் அதில் பாதிக்கு வந்துவிட்டது. இருந்தாலும் மூன்று வருடமாக அவர் ஏற்றவேயில்லை என்றால் ஓரளவு உயர்வு நியாயம்தான், அதை மறுக்கக்கூடாது. ஈஸ்ட் ஹாமில் உங்கள் வீடு மாதிரியே இருக்கும் வீடுகள், அதே அளவு, அதே நிலை, என்ன வாடகைக்கு விளம்பரமாகியிருக்கின்றன என்று நாலைந்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சுக்கு அதுதான் ஆதாரம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற இடத்துக்கு வருகிறேன்: ரசீதில்லாத அந்த 1,900 பவுண்ட்.

நம்ம ஆள், கோயிலில் பார்த்தவர், அண்ணா என்று கூப்பிடுகிறோம், பேப்பர் கேட்டால் தப்பாக நினைப்பார். இந்தத் தயக்கத்தால் சிரமப்பட்ட குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். 2007 ஏப்ரலிலிருந்து, இந்த வகைக் குடித்தனத்தில் வாங்கும் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் போட்டே ஆக வேண்டும். 30 நாளுக்குள் போட்டு, எந்தத் திட்டம் என்ற விவரத்தையும் உங்களுக்குத் தர வேண்டும். மூன்று திட்டங்கள் இருக்கின்றன. மூன்றின் தளத்திலும் உங்கள் பெயர், அஞ்சல் குறியீடு, குடியேறிய தேதி போட்டுத் தேடுங்கள். எதிலும் இல்லை என்றால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அவர் செக்ஷன் 21 நோட்டீஸ் கொடுக்க முடியாது. டெபாசிட்டைப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். கொடுத்த நாளில் வங்கியில் பணம் எடுத்த பதிவு, "கிடைத்தது" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப், எது இருந்தாலும் இன்றைக்கே சேமித்து வையுங்கள்.

இரண்டாவது, லைசென்ஸ். உங்கள் நியூஹாம் கவுன்சில்தான் 2013-ல் இங்கிலாந்திலேயே முதலாவதாக, தன் எல்லை முழுவதும் தனியார் வாடகை வீட்டுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கியது. இப்போதும் பெரும்பாலான வார்டுகளில் அது அமலில் இருக்கிறது. கவுன்சில் தளத்தில் பொதுப் பதிவேடு உண்டு, உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் தேவைப்படும் வீட்டுக்கு அதை எடுக்காமலும் விண்ணப்பிக்காமலும் இருந்தால் செக்ஷன் 21 செல்லாது. அந்தக் காலத்தில் கட்டிய வாடகையில் 12 மாதம் வரை திருப்பிக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கேஸ் சான்றிதழ், வீட்டின் எரிசக்தித் திறன் சான்றிதழ் (EPC), குடியேறும்போது தர வேண்டிய அரசுக் கையேடு இவையும் வந்தனவா என்று பழைய மின்னஞ்சலில் தேடுங்கள்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு அவரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. கோயிலில் பழக்கமானவர், அண்ணா என்று கூப்பிடுகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் பேசினால் பயமில்லாமல் பேசலாம், அவ்வளவுதான். வாயால் பேசிவிட்டு விடாமல் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"அண்ணா, நீங்கள் சொன்னதை யோசித்தோம். வாடகையை ஓரளவு ஏற்றுவது நியாயம்தான். இந்தப் பகுதி வாடகைகளைப் பார்த்து, எங்களால் இத்தனை பவுண்ட் தர முடியும். சரி என்றால் எழுத்தில் போட்டுக்கொள்வோம். எங்கள் டெபாசிட் எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்ற விவரமும் தேவைப்படுகிறது. நீங்கள் விற்பதாக முடிவெடுத்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் இருக்கும்போதே இன்னொரு ஓனருக்கு விற்க முடியுமா என்று பார்க்கலாம்."

கடைசி வரி முக்கியம். குடியிருப்பவரோடு வீட்டை வாங்கும் முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் குறையும். ஆனால் காலி வீட்டுக்கு அவர் பல மாதம் கடன் கட்ட வேண்டியதில்லை. நீங்களே வாங்குவது விசாவையும் கையிருப்பையும் பொறுத்தது. அதற்கு மோர்ட்கேஜ் ஆலோசகர் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

அவர் விற்றுவிட்டால் வேறு வீடே கிடைக்காதா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்ற வீடு இடிந்துபோவதில்லை. வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் அதை வாங்கினால், அவர்கள் காலி செய்த வாடகை வீடு இன்னொருவருக்குக் கிடைக்கும். ஆனால் ஈஸ்ட் ஹாம் மாதிரி இடத்தில் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. ஹாலையும் படுக்கையறையாக்கி ஐந்தாறு பேர் பகிர்ந்திருக்கும் வீட்டை இரண்டே பேர் வாங்கிக் குடியேறினால், வெளியே வந்த நால்வர் வாடகைச் சந்தையில் கூடுதலாக நிற்பார்கள். அதனால் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும், இதைவிட வாடகை கூடுதலாக இருக்கலாம். இந்த வீட்டிலேயே ஒரு நியாயமான உயர்வுக்கு இருக்க முடிந்தால் இருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பிள்ளைகளின் பள்ளியை வைத்தும் அதைச் சொல்கிறேன்.

விசா பற்றி ஒன்று. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் பொது நிதி உதவி பெறத் தடை இருப்பதால், வீடு போனால் கவுன்சில் உங்களுக்கு மாற்று வீடு தரும் என்று கணக்குப் போடாதீர்கள். வாடகை நிலுவை வைக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்கு அதுவும் காரணம். அதே நேரம், டெபாசிட் பாதுகாப்பு, நோட்டீஸ் விதிகள், தீர்ப்பாயம் இவை விசா பார்த்து வருகிற உரிமைகள் இல்லை. அவற்றைப் பயன்படுத்தினால் விசாவுக்குப் பாதிப்பும் இல்லை.

ஏப்ரல் 30-க்குள் நோட்டீஸ் வந்தால் பதறிப்போய்ப் பெட்டி கட்ட வேண்டாம். நோட்டீஸ் தேதி முடிந்தாலும் நீங்கள் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும், அதற்கும் போகாவிட்டால் கோர்ட் அமீனா வர வேண்டும், இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். வழக்குச் செலவு உங்கள் தலையில் விழலாம் என்பதால் நோட்டீஸ் வந்த அதே வாரத்தில் ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனைத் தொண்டு நிறுவனங்களில் காட்டுங்கள், இரண்டும் இலவசம். நோட்டீஸ், பழைய ஒப்பந்தம், டெபாசிட் தேடலின் முடிவு, லைசென்ஸ் பதிவேட்டுப் பக்கம், நான்கையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.